கம்மம் மாணவிகள், திண்டுக்கல் மாணவிகள்: தடுப்பூசி ஆய்வை மக்கள் எதை வைத்து நம்புவது?

#1 நர்சம்மா

எல்லாருக்கும் வணக்கம். அண்மையில் ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். தடுப்பூசி ஆய்வுகளுக்கு ஆள் சேர்ப்பது கடினமாகிவிட்டது, மக்களிடம் விழிப்புணர்வு இல்லை என்று பேச்சாளர் சொன்னார். முன்வரிசையில் இருந்தவர்கள் ஆமோதித்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அங்கே பேச வாய்ப்புக் கிடைக்காததால் இங்கே எழுதுகிறேன்.

கிராமத்தில் செவிலியராகப் பல வருடம் வேலை பார்த்திருக்கிறேன். நடுவில் கொஞ்ச காலம் ஒரு தடுப்பூசி ஆய்வுக்கும் களப்பணி செய்தேன். ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக இருந்த படிவத்தைப் பார்த்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி, "ரேஷன் கார்டு நகல் வேணுமாம்மா?" என்று கேட்டார். இது அரசுத் திட்டம் இல்லை, ஆய்வு, உங்களுக்கு விருப்பம் இல்லையென்றால் வேண்டாம் என்று சொன்னேன். "நீ சொன்னா சரிதான், எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். எனக்குத் திக்கென்றது.

நம்பிக்கை இல்லாமலா அப்படிச் சொன்னார்? என் முகத்தை நம்பினார். அவர் பிரசவத்துக்கு நான் போயிருந்தேன், அவ்வளவுதான் காரணம். படிவத்தில் இருந்த நிறுவனத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் கையெழுத்து வாங்குகிறார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் அவர் தேடி வரப்போவதும் என்னைத்தான். அப்போது என்னிடம் பதிலும் இருக்காது, அதிகாரமும் இருக்காது.

கம்மத்தில் நடந்தது இதன் உச்சம். தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயது வரையுள்ள மாணவிகளுக்கு கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போட்டார்கள். அமெரிக்கத் தொண்டு நிறுவனமான 'பாத்' நடத்தியது, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். துணை நின்றது, கேட்ஸ் அறக்கட்டளை பணம் கொடுத்தது. கம்மத்தில் மெர்க் நிறுவனத்தின் கார்டசில், வடோதராவில் ஜி.எஸ்.கே.யின் செர்வாரிக்ஸ். கம்மத்தில் மட்டும் சுமார் 14,000 சிறுமிகள். பெரும்பாலும் பழங்குடி, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். இரண்டு இடங்களிலும் சேர்த்து ஏழு பேர் இறந்த செய்தி வெளியே வந்து, 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. பிறகு ஆந்திராவில் ஆராயப்பட்ட 9,543 ஒப்புதல் படிவங்களில் 2,763-இல் கையெழுத்துப் போட்டிருந்தவர் விடுதி வார்டன். 1,948-இல் வெறும் கைநாட்டு.

அந்த 2,763 பிள்ளைகளின் அப்பா அம்மாவிடம் விழிப்புணர்வு இல்லை என்று எப்படிச் சொல்வது? அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லையே.

இதைப் பற்றி உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

#2 ஓ.பி.டாக்டர்

நர்சம்மா சொல்லும் ஒப்புதல் விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. வார்டன் கையெழுத்து எந்த வகையிலும் நியாயமில்லை. ஆனால் கதையின் மறுபாதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்த ஏழு மரணங்களையும் விசாரணைக் குழு ஒவ்வொன்றாகப் பார்த்தது. நீரில் மூழ்கியது, பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தது, மலேரியா என்று காரணங்கள் பதிவாகியிருந்தன. தடுப்பூசியோடு தொடர்பு இருக்க வாய்ப்பில்லை என்பதுதான் குழுவின் முடிவு. ஆனால் "தடுப்பூசி போட்டு ஏழு பெண்கள் செத்தார்கள்" என்ற வரிதான் பதினைந்து வருடம் தாண்டியும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

அதற்கு நாம் கொடுத்த விலை என்ன தெரியுமா? 2020 கணக்குப்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1,24,000 பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் வந்தது. சுமார் 77,000 பேர் இறந்தார்கள். என் புறநோயாளிப் பிரிவுக்கு வரும் பெண்களில் பலர் மூன்றாம் கட்டத்தில்தான் வருகிறார்கள். ஒரு அம்மா ஒரு வருடமாகத் துர்நாற்றத்தோடு நீர் போவதை மறைத்து, பழைய சேலைத் துணியை மடித்து மடித்து வைத்துச் சமாளித்திருந்தார். "வெள்ளைப்படுதல்தான் டாக்டர், சூட்டுனால" என்றார். பரிசோதித்தபோது கட்டி இடுப்பெலும்புச் சுவர் வரை பரவியிருந்தது. இந்த நோய் தடுக்கக் கூடியது. கம்மத்தால் வந்த பயத்தில் தேசியத் திட்டம் பத்து வருடத்துக்கு மேல் தள்ளிப்போனது என்பது என் வருத்தம்.

#3 கொத்தகூடெம் ராஜா

டாக்டர் சார், உங்கள் வருத்தம் நியாயமானது. நான் அந்தக் காலத்தில் கொத்தகூடெத்தில் வேலை பார்த்தேன், நிலக்கரிச் சுரங்கப் பக்கம். பத்ராசலம், கொத்தகூடெம், திருமலாயபாலெம் ஆகிய மூன்று மண்டலங்களில்தான் ஊசி போட்டார்கள்.

அங்குள்ள ஆசிரமப் பள்ளிகள், அதாவது பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசுப் பள்ளிகள், எப்படி இருக்கும் என்று இங்கே பலருக்குத் தெரிந்திருக்காது. கோயா பழங்குடிக் குடும்பங்கள் காட்டுக்குள் சிறு சிறு ஊர்களில் இருக்கும். பிள்ளையை விடுதியில் விட்டால் மூன்று வேளைச் சாப்பாடு, படிப்பு. அப்பா அம்மா சந்தைக்கு வரும்போது எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வார்டன் என்றால் அவர்களுக்குப் பெரிய அதிகாரி. அவரிடம் "எதுக்கு என் புள்ளைக்கு ஊசி போட்டீங்க?" என்று கேட்கும் தெம்பு அவர்களுக்கு எங்கிருந்து வரும்? பிள்ளை லீவுக்கு வீட்டுக்கு வந்து கையைக் காட்டிச் சொன்ன பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது.

2010 மார்ச்சில் 'சாமா' என்ற பெண்கள் நலக் குழு அங்கே போய் விசாரித்தது. வயிற்றுவலி, தலைவலி, மயக்கம் என்று பிள்ளைகள் சொன்னதை அவர்கள்தான் பதிவு செய்தார்கள். ஊசியால் வந்ததா வேறு காரணமா என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் தலைசுற்றுகிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை எழுதி வைத்து, மறுநாள் போய்ப் பார்க்க ஒரு ஏற்பாடு இருந்திருக்க வேண்டும். பக்கவிளைவைக் கவனிக்கச் சரியான ஏற்பாடு இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழுவே 2013 ஆகஸ்ட் அறிக்கையில் கண்டித்தது.

மரணத்துக்குக் காரணம் பாம்புக்கடி என்று பிறகு வந்து சொன்னால் ஏன் நம்பவில்லை என்கிறீர்கள். ஊசி போடும்போது ஒரு வார்த்தை சொல்லாதவர் செத்த பிறகு வந்து சொன்னால் எந்தத் தாய் நம்புவாள்?

#4 நேர்பட

நான் பட்டவர்த்தனமாகச் சொல்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் எந்த ஆய்வுக்கும் போகப்போவதில்லை. கம்பெனிக்கு விற்பனை வேண்டும், விஞ்ஞானிக்குக் கட்டுரை வேண்டும். கையை நீட்ட மட்டும் ஏழை வேண்டும். மாநகரத்தின் பெரிய பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளிடம் ஏன் இந்தத் திட்டத்தை ஆரம்பிக்கவில்லை? பதில் எல்லாருக்கும் தெரியும்: அங்கே அப்பா வக்கீலைக் கூட்டிக்கொண்டு வருவார்.

#5 ஒட்டன்சத்திரத்தான்

நேர்பட அண்ணே, உங்கள் கேள்வி சரி. ஆனால் முடிவுக்கு வருமுன் எங்கள் பக்கத்துக் கதையையும் கேளுங்கள். இழையின் தலைப்பில் திண்டுக்கல் இருக்கிறது, அதைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை.

கம்மத்தில் ஊசி போட்ட அதே 2009-இல், அதே கார்டசில் தடுப்பூசி, ஒட்டன்சத்திரம் பக்கத்தில் அம்பிளிக்கையிலும் போடப்பட்டது. அது வேறு ஆய்வு. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை நடத்தியது, டாக்டர் ஆர். சங்கரநாராயணன் தலைமையில். மூன்று தவணை வேண்டுமா, இரண்டே போதுமா என்று பார்ப்பதற்காக இந்தியாவில் பல இடங்களில், 10 முதல் 18 வயது வரையுள்ள கல்யாணமாகாத பெண்பிள்ளைகளைச் சேர்த்தார்கள். அம்பிளிக்கை கிறித்தவ ஐக்கிய மருத்துவமனை அந்த இடங்களில் ஒன்று. மகாராஷ்டிராவின் பார்சி இன்னொன்று.

எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு இந்த மருத்துவமனை ஆட்கள் புதியவர்கள் இல்லை. அதற்குப் பல வருடம் முன்பே, 2000-லிருந்து, ஊர் ஊராக வந்து வினிகர் தடவிக் கருப்பை வாயைப் பரிசோதித்தார்கள். செவிலியர்களே செய்தார்கள். கோளாறு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே கோளாறான திசுவை உறையவைத்துச் சிகிச்சை. 30 முதல் 59 வயது வரை 49,311 பெண்கள் அந்த வட்டத்துக்குள் இருந்தார்கள். புற்றுநோய் வருவது 25 சதவீதமும் அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்தன என்று 2007-இல் முடிவு வந்தது. எங்கள் பெரியம்மா அப்படித்தான் தப்பித்தார். முகாமுக்குப் போக வெட்கப்பட்டவரை அந்த நர்ஸ் திரும்பத் திரும்ப வந்து கூப்பிட்டார்.

அப்படி ஒரு வீட்டில் போய் "உங்க பேத்திக்கு இந்த நோய் வராம இருக்க ஒரு ஊசி இருக்கு, ஆய்வா நடக்குது" என்று சொன்னால், அந்தப் பாட்டிக்கு எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று தெரியும். என்ன நோய் என்று தெரியும். யார் பேசுகிறார்கள் என்றும் தெரியும். கம்மத்தில் இந்த மூன்றும் இல்லை.

#6 நேர்பட

ஒட்டன்சத்திரத்தாரே, உங்கள் பெரியம்மா தப்பித்ததில் எனக்கும் மகிழ்ச்சி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அதே ஆய்வில் ஒப்பீட்டுக் குழுவில் 30,958 பெண்கள் இருந்தார்கள். அவர்களை முகாமுக்குக் கூப்பிடவில்லை. வழக்கமாக என்ன மருத்துவம் கிடைக்குமோ அது மட்டும். இந்தக் குழுவில் இத்தனை பேர் செத்தார்கள், அந்தக் குழுவில் அத்தனை பேர் என்று எண்ணித்தான் அந்த 35 சதவீதம் வந்தது. இதையும் மருத்துவ நெறி பேசுபவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பக்கத்துக் கிராமத்துப் பெரியம்மாவுக்கு என்ன பதில்?

#7 ஓ.பி.டாக்டர்

இது கடினமான கேள்வி, நழுவ விரும்பவில்லை. அப்போது நாட்டில் கிராமப்புறப் பெண்களுக்கு எந்தப் பரிசோதனையும் முறையாக நடக்கவில்லை. ஆகவே ஒப்பீட்டுக் குழுவுக்குக் கிடைத்துவந்த எதையும் பறிக்கவில்லை என்பது ஆய்வாளர்களின் வாதம். பலன் தெரிந்த பரிசோதனை உலகத்தில் இருக்கும்போது ஒரு குழுவுக்கு அதைக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பது தவறு என்பது எதிர்வாதம். நான் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறேன். வினிகர் முறை நம் ஊரில் பலிக்குமா என்று சோதிக்க வேண்டியிருந்தது உண்மை. ஆனாலும் அந்தப் பக்கத்துக் கிராமங்களுக்கு எத்தனை சீக்கிரம் பரிசோதனை போய்ச் சேர்ந்தது என்பதை வைத்துத்தான் அந்த ஆய்வின் நேர்மையை அளப்பேன்.

வேலூரில் ரோட்டா வைரஸ் தடுப்பூசிக்கும் இதே கேள்வி வந்தது. 2011-இல் தொடங்கிய ரோட்டாவாக் ஆய்வில் டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் சேர்த்து 6,799 குழந்தைகள். ஒப்பிட்டுப் பார்க்க மூன்றில் ஒரு பங்குக்கு மருந்தில்லாத சொட்டு. வெளிநாட்டுத் தடுப்பூசிகள் சந்தையில் இருக்கும்போது இது சரியா என்று கேட்டார்கள். ஆனால் ரோட்டா வைரஸால் வரும் கடுமையான வயிற்றுப்போக்கை ஐம்பத்து சொச்சம் சதவீதம் தடுக்கும் மலிவான தடுப்பூசி அதில்தான் கிடைத்தது. 2016-லிருந்து அரசு இலவசமாகக் கொடுக்கிறது. குடல் செருகல் என்ற பக்கவிளைவு பற்றி வேலூர் புள்ளிவிவரத்தைத் தனியாகக் காட்டுங்கள் என்று சிலர் கேட்டார்கள், பெரிய சர்ச்சையானது. கேட்டவுடன் காட்டுவதே நல்லது என்பது என் கருத்து. மறைக்க எதுவும் இல்லையென்றாலும் தாமதம் சந்தேகத்தை வளர்க்கும்.

#8 ஒட்டன்சத்திரத்தான்

நேர்பட அண்ணே கேட்டது என் மனதிலும் உறுத்துகிறது. மறுக்கவில்லை.

மாணவிகள் ஆய்வின் மீதிக் கதையைச் சொல்லி முடிக்கிறேன். கம்மம் பிரச்சினை வெடித்ததும் 2010 ஏப்ரலில் மத்திய அரசு எல்லா எச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை நிறுத்தச் சொன்னது. அம்பிளிக்கை உட்பட. 20,000 பேர் என்று திட்டமிட்டது 17,729-இல் நின்றுபோனது. சிலருக்கு மூன்று ஊசி முடிந்திருந்தது, சிலருக்கு இரண்டு. 4,950 பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று.

அப்போது எங்கள் ஊரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆறு மாதத்தில் அடுத்த ஊசி என்று அட்டையில் எழுதிக் கொடுத்தவர்கள் இப்போது ஊசி இல்லை என்று சொல்ல வேண்டும். டி.வி.யில் ஏழு சாவு என்று ஓடுகிறது. "எங்க புள்ளைக்கும் அதானே போட்டீங்க?" என்று கேட்கத்தானே செய்வார்கள்? களப்பணியாளர்கள் ஓடி ஒளியவில்லை. வீடு வீடாக வந்தார்கள். அந்தப் பிள்ளைகளைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கல்யாணமாகிப் போன பெண்களை, முதல் குழந்தை பிறந்த ஆறு மாதத்துக்குப் பிறகோ கல்யாணமாகி ஒன்றரை வருடத்துக்குப் பிறகோ, தேடிப் போய்க் கருப்பை வாய் மாதிரி எடுத்தார்கள். கல்யாணமாகிப் போன பெண்ணிடம் மாமியார் வீட்டில் இதைப் பேசுவது எவ்வளவு சங்கடம் என்று நர்சம்மாவுக்குத் தெரியும்.

#9 நர்சம்மா

தெரியும் தம்பி. மாமியார் முன்னால் ஊசி ஆய்வு என்று வாயெடுத்தால், "கல்யாணத்துக்கு முன்னாடி இவளுக்கு என்ன வியாதி?" என்றுதான் முதல் கேள்வி வரும். அப்படிப்பட்ட இடத்தில் பத்து வருடம் தொடர்பில் வைத்திருக்க முடிந்திருக்கிறது என்றால் அந்தக் களப்பணியாளர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் அவர்கள் பெயர் வருவதில்லை.

#10 ஓ.பி.டாக்டர்

அந்த ஒற்றை ஊசிப் பிள்ளைகளால் என்ன தெரியவந்தது என்பதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சராசரியாக ஒன்பது வருடம் தொடர்ந்து பார்த்த பிறகு 2021-இல் முடிவு வெளியானது. இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் 16, 18 வகைகளின் நீடித்த தொற்றைத் தடுப்பதில் ஒரு ஊசி 95.4 சதவீதம், இரண்டு ஊசி 93.1, மூன்று ஊசி 93.3. அதாவது வித்தியாசமே இல்லை. 2022 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஒரே தவணையும் போதும் என்று ஏற்றுக்கொண்டதற்கு முக்கியமான ஆதாரங்களில் இது ஒன்று. ஏழை நாடுகளுக்கெல்லாம் செலவு பாதியாகவோ மூன்றில் ஒன்றாகவோ குறையும்.

திண்டுக்கல், பார்சிப் பக்கத்துப் பிள்ளைகள் உலகத்துக்குக் கொடுத்தது இது. அவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் செய்தி தெரியும்?

#11 திருவள்ளூர் பெரியவர்

இந்த இழையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் (எங்கள் பகுதி இப்போது திருவள்ளூர் மாவட்டம்) 1968-இல் பி.சி.ஜி. ஆய்வு தொடங்கியது. காசநோய்த் தடுப்பு ஊசி பெரியவர்களைக் காப்பாற்றுமா என்று பார்க்க உலகத்திலேயே மிகப் பெரிய ஆய்வு. 209 கிராமங்கள், ஒன்பது ஊர்கள். மூன்றரை லட்சத்துக்கு மேல் ஆட்களைப் பதிவு செய்து, 2,81,161 பேருக்கு பி.சி.ஜி.யோ மருந்தில்லாத ஊசியோ போட்டார்கள். எங்கள் தெருவுக்கு ஜீப் வரும், மரத்தடியில் மேசை போடுவார்கள். ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றேன். ஏன் எதற்கு என்று கேட்டதாக நினைவில்லை. அந்தக் காலத்தில் சர்க்கார் ஜீப்பைக் கேள்வி கேட்கிற வழக்கம் இல்லை.

முடிவு 1979-இல் வந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. 15 வருடம் தொடர்ந்து பார்த்த பிறகும் அதே முடிவுதான். இதை நான் தெரிந்துகொண்டது என் பேத்தி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து அவள் பாடப் புத்தகத்தில் "சிங்கிள்புட் ட்ரையல்" என்று காட்டியபோது. எங்கள் ஊர் பெயரில் உலகமெங்கும் பாடம் நடக்கிறது!

இன்னொன்று. பி.சி.ஜி.யை எதிர்த்து ராஜாஜி 1955-இலேயே தனிப் பிரசுரம் போட்டார். முதலமைச்சராக இருந்தவர், படித்தவர். ஆகையால் எதிர்ப்பவர் எல்லாம் அறியாதவர் என்று நினைப்பது தப்பு. சென்னையில் அன்றைக்கு நடந்த விவாதம் காரசாரமானது. ராஜாஜி சொன்ன காரணங்கள் எல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னது.

#12 மலைக்கோட்டை வக்கீல்

சட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்கிறேன், பலருக்குப் பயன்படும்.

கம்மத்துத் திட்டத்தை நடத்தியவர்கள், இது மருந்து ஆய்வே இல்லை, உரிமம் பெற்ற தடுப்பூசியைப் போட்டுப் பார்க்கும் முன்மாதிரித் திட்டம் என்றார்கள். அப்படி வகைப்படுத்தினால் ஆய்வுக்குரிய கடுமையான விதிகள், பக்கவிளைவு அறிக்கை, காப்பீடு எல்லாம் தளர்ந்துவிடும். நாடாளுமன்ற நிலைக்குழு இந்த வாதத்தை ஏற்கவில்லை. பெண்கள் அமைப்பினர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். நாடாளுமன்றக் குழு அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வியே அரசியல் சாசன அமர்வு வரை போய், 2018-இல் பார்க்கலாம் என்று தீர்ப்பானது.

இந்தக் கொந்தளிப்பால்தான் 2013-இல் விதிகள் மாறின. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்கள் பதிவு செய்தாக வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இழப்பீடு. பிறகு 2019-இல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகள் வந்தன. இப்போதைய நிலை இதுதான்: ஆய்வில் இருப்பவருக்கு உடல் பாதிப்பு வந்தால், அது ஆய்வால் வந்ததல்ல என்று நிறுவப்படும் வரை இலவச சிகிச்சை தர வேண்டும். கடுமையான பாதிப்பை ஆய்வு மருத்துவர் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மரணத்துக்கான இழப்பீட்டுச் சூத்திரத்தில் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய், வயதையும் நோயின் தன்மையையும் பொறுத்து மாறும். படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சி உடனிருக்க வேண்டும். ஒப்புதல் படிவத்தின் நகலைக் கையில் கொடுக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அதனால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது.

சிறுவர்கள் என்றால் பெற்றோர் ஒப்புதலோடு பிள்ளையின் சம்மதமும் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். நெறிமுறைப்படி 7 வயதுக்கு மேல் வாய்மொழியாக, 12-க்கு மேல் எழுத்தாக.

#13 கைநீட்டியவன்

நான் கொரோனா காலத்தில் ஒரு தடுப்பூசி ஆய்வில் சேர்ந்தவன். எந்த ஆய்வு, எந்த ஊர் என்று சொல்ல விரும்பவில்லை. என் அனுபவம் நல்லதுதான். இரவு காய்ச்சல் அடித்தபோது கொடுத்திருந்த எண்ணைக் கூப்பிட்டேன், எடுத்தார்கள். அதற்கே எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

ஆனால் 2020 நவம்பரில் சென்னை செய்தி ஒன்று வந்தபோது நான் ஆடிப்போனேன். கோவிஷீல்டு ஆய்வில் கலந்துகொண்ட சென்னைக்காரர் ஒருவர் நரம்புப் பாதிப்பு வந்தது என்று சொல்லி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். சீரம் நிறுவனம் அவர்மீது 100 கோடி ரூபாய் கேட்டு மானநஷ்ட வழக்குப் போடுவோம் என்று பதில் கொடுத்தது. அவர் பாதிப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று பரிசீலித்தவர்கள் சொன்னார்கள். அது அறிவியல்படி சரியாகவே இருக்கட்டும். நம்பிக் கை நீட்டிய ஒருவர், உடம்பு சரியில்லை என்று சொன்னதற்கு 100 கோடியா பதில்? அன்றைக்கு என் மனைவி கேட்டாள்: "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆனா நமக்கும் இதே கடுதாசிதானா?"

போபாலில் விஷவாயுப் பகுதி மக்களுக்கு 750 ரூபாய் கொடுத்து கோவாக்சின் ஆய்வில் சேர்த்தார்கள். இது ஆய்வு என்றே தெரியாது, தடுப்பூசி போடுகிறார்கள் என்று நினைத்தோம் என்று பலர் சொன்னார்கள். அப்புறம் 2021 ஜனவரியில், மூன்றாம் கட்ட ஆய்வு முடிவு வருமுன்பே அதே தடுப்பூசிக்கு அனுமதி கொடுத்து, "ஆய்வு முறையில்" போடுங்கள் என்றார்கள். நம் அரசு மருத்துவமனை மருத்துவர்கள், செவிலியர்களே தயங்கினார்களே, நினைவிருக்கிறதா? அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

#14 சிராங்கூன் மீனா

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் பிலிப்பினோ தோழி இருக்கிறாள். அவள் அக்கா மகன் டெங்வாக்சியா போட்டவன். 2016-இல் பிலிப்பைன்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அந்த டெங்கு ஊசியைப் போட்டார்கள், எட்டு லட்சத்துக்கும் மேல். 2017 நவம்பரில் சனோஃபி நிறுவனமே ஒரு அறிவிப்பு வெளியிட்டது: இதற்கு முன் டெங்கு வராத பிள்ளைக்கு இந்த ஊசி போட்டால், பிறகு டெங்கு வரும்போது கடுமையாகலாம்.

தாய்மார்களுக்கு எப்படி இருந்திருக்கும்? தன் பிள்ளைக்கு முன்பு டெங்கு வந்திருந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது, போடுமுன் யாரும் ரத்தப் பரிசோதனை செய்யவில்லை. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினாளாம். தடுப்பூசி முக்கியம் என்று உறுதியாக நம்பியவர்கள் 2015-இல் 93 சதவீதம் இருந்தார்கள், 2018-இல் 32. டெங்கு ஊசியில் போன நம்பிக்கை தட்டம்மை ஊசியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. 2019-இல் அங்கே தட்டம்மை பரவிப் பல குழந்தைகள் இறந்தார்கள். டெங்கு ஊசிக்கு முன்பு நடந்த ஆய்விலேயே சிறு குழந்தைகளிடம் எச்சரிக்கை அடையாளங்கள் தெரிந்தன, அப்போதே விரிவாகப் பார்த்திருக்கலாம் என்பது பல விஞ்ஞானிகளின் குறை.

#15 இரு பெண்களின் அம்மா

நீண்ட நாளாகப் படிக்க மட்டும் செய்கிறேன், முதல் முறை எழுதுகிறேன். என் பெரிய மகள் அரசுப் பள்ளியில் படிக்கிறாள். 14 வயதுப் பெண்களுக்கு எச்.பி.வி. போட தமிழக அரசு 2025 பட்ஜெட்டில் 36 கோடி ஒதுக்கியதாகப் படித்தேன். இதுவும் ஆய்வா? கம்மம் மாதிரியா? இந்த இழையைப் படித்த பிறகு பயமாக இருக்கிறது.

#16 ஓ.பி.டாக்டர்

இல்லை அம்மா, இது ஆய்வு இல்லை. உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பெண்களுக்குப் போட்டு முடிந்த தடுப்பூசி. சிக்கிமில் 2018-லேயே பள்ளி மாணவிகளுக்குப் போட்டார்கள், 95 சதவீதத்துக்கு மேல் பெற்றோர் ஒத்துழைத்தார்கள். என் மகளுக்குப் போட்டுவிட்டேன். கை வலி, லேசான காய்ச்சல், சில பிள்ளைகளுக்கு ஊசி பயத்தில் மயக்கம் வரலாம், அதனால் கால் மணி நேரம் உட்கார வைப்பார்கள். தயங்காமல் போடுங்கள். ஆனால் பள்ளியில் உங்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் போய்க் கேளுங்கள்.

#17 நேர்பட

அம்மா, டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நான் எதிர்ப்பது ஏழையிடம் கேட்காமல் போடுவதை. நிரூபணமான தடுப்பூசியை எதிர்க்கவில்லை. ஆய்வு என்றால் எங்கள் வீட்டில் இன்னமும் வேண்டாம்தான்.

#18 நர்சம்மா

நேர்பட தம்பி "வேண்டாம்" என்று சொல்வதை நான் மதிக்கிறேன். களத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு இடம் இல்லாமல் போனதுதான் பிரச்சினையே. நான் வேலை பார்த்த ஆய்வில் ஒரு நாளைக்கு இத்தனை கையெழுத்து என்று இலக்கு வைத்திருந்தார்கள். இலக்கு வைத்தால் என்ன ஆகும்? மறுக்கும் வீட்டுக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்வார்கள். படிவத்தை வாசித்துக் காட்ட ஒரு மணி நேரம் எடுக்கும் பணியாளருக்குத் திட்டு விழும், கால் மணியில் முடிப்பவருக்குப் பாராட்டு. மேலே உட்கார்ந்திருப்பவர்கள் நல்லவர்களாக இருந்தாலும் கீழே இப்படித்தான் நடக்கும்.

நான் ஒரு முறையைப் பிடிவாதமாகச் செய்தேன். முதல் நாள் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன், கையெழுத்து வாங்க மாட்டேன். வீட்டில் பேசுங்கள், படித்த பிள்ளை இருந்தால் வாசிக்கச் சொல்லுங்கள், மறுபடி வருகிறேன் என்பேன். திரும்பப் போகும்போது, "இதுல என்னன்னு நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேட்பேன். மருந்தில்லாத ஊசியும் இருக்கலாம் என்பதை அவர்கள் வாயால் சொன்னால்தான் பேனாவைக் கொடுப்பேன். அந்த மாவு ஆட்டிய அம்மா கடைசியில் சேரவில்லை. அவர் வீட்டுக்காரர் வேண்டாம் என்றார். அதற்குப் பிறகும் பிரஷர் பார்க்க நான் அந்த வீட்டுக்குப் போனேன், அவரும் பழையபடி காபி கொடுத்தார்.

வக்கீல் சார், ஒரு சந்தேகம். ஒரு ஆய்வு முறையாகப் பதிவானதா என்று சாதாரண ஆள் எப்படிப் பார்ப்பது? வீடுகளில் இதைக் கேட்கிறார்கள்.

#19 மலைக்கோட்டை வக்கீல்

இந்தியாவில் 2009 ஜூன் 15-லிருந்து மருத்துவ ஆய்வுகளைப் பதிவு செய்வது கட்டாயம். சி.டி.ஆர்.ஐ. என்ற பொது இணையப் பதிவேடு இருக்கிறது, ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காசு இல்லை. ஒப்புதல் படிவத்திலேயே அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைப் போட்டுத் தேடினால் யார் பணம் கொடுக்கிறார்கள், எத்தனை பேர், எந்தெந்த மருத்துவமனை, எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது எல்லாம் வரும். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கும், அது ஒரு குறை. கல்லூரியில் படிக்கும் பிள்ளை யாராவது உதவலாம்.

படிவத்தில் ஆய்வு மருத்துவரின் எண்ணும் நெறிமுறைக் குழுவின் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடுமுன் இரண்டையும் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காவிட்டால் போட வேண்டாம்.